ரேக்கை விடுங்கள், முதலில் சக்கரத்தைக் கழற்றுங்கள்



நீண்ட பதிவு. காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள். சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். பிசிக்ஸ் பேப்பரில் மார்க் குறைத்தபோதும் உங்களுக்குக் கோபம் வந்தது, அப்புறம் நீங்களே வந்து பேசினீர்கள்.

கோடை விழா நெருங்குகிறது. பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகப் பழைய கார் படங்களாக வந்து குவிகின்றன. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய மாருதி 800, உயர்த்திய ஜிப்சி, அகலமான அலாய் சக்கரம் மாட்டிய பத்மினி. எல்லாம் ஏற்காட்டுக்கு வரப்போகின்றனவாம். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் படத்துக்குக் கீழே ஓடும் பேச்சைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. “ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்குது மிஸ்.” “அறுபதுக்கு மேல போனா கையில ஆடுது.” “வளைவுல திருப்பினா திரும்ப நேராக மாட்டேங்குது.” இவ்வளவுக்கும் சேர்த்து இரண்டே மருந்து சொல்கிறார்கள். ஒன்று, “ரேக் போயிருக்கும், மாத்திடு.” இன்னொன்று, “ஒரு அலைன்மென்ட் போட்டுடு.” ஒரு மகானுபாவர் மட்டும், மலைப்பாதை சரியில்லை என்று பாதையின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். மாற்றம் செய்த பழைய வண்டியில் ஸ்டியரிங் கோளாறு வந்தால், முதல் சந்தேகம் நீங்கள் மாற்றியதன் மேல் விழ வேண்டும். அடுத்தது வயதானதால் தேய்ந்த ரப்பர், பேரிங், ஜாயின்ட் மேல். ஸ்டியரிங் ரேக் கடைசி. நம் ஆட்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். மாற்றியதைத் தொடுவதே இல்லை, ஏனென்றால் அதற்குத்தான் ஆசையாகச் செலவு செய்திருக்கிறார்கள்.

சமவெளியில் இது வெறும் எரிச்சல். சேலம் பெங்களூரு நாலுவழிச் சாலையில் வண்டி கொஞ்சம் இழுத்தால் கையால் பிடித்துக்கொண்டு போய்விடலாம். நம் பாதை அப்படியா? அடிவாரத்தில் தொடங்கினால் மேலே வருவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, உடனே நேராக்க வேண்டும். நல்ல வண்டியில் நேராக்கும் வேலையில் பாதியைச் சக்கரமே பார்த்துக்கொள்ளும், நாம் பிடியைத் தளர்த்தினால் போதும். அந்தக் குணம் செத்துப்போன வண்டியில் மொத்தத்தையும் கை இழுக்க வேண்டும். அரை நொடி தாமதித்தால் எதிர்ப்பக்கம் ஏறுகிற பஸ்ஸின் வழியில் நிற்பீர்கள். பனிமூட்டம் இருந்தால் அந்த பஸ் கண்ணுக்கே தெரியாது.

சக்கரம் தானாக நேராவது எப்படி? சைக்கிளில் கையை விட்டு ஓட்டியவர்கள்தானே எல்லோரும். முன்ஃபோர்க் சாய்ந்திருக்கிறது. அது திரும்பும் அச்சை ஒரு கோடாக நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய்த் தரையில் முட்டும். அதாவது டயர் எப்போதும் அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. இழுபட்டு வரும் பொருள் நேராகத்தான் வரும். காரில் இந்தச் சாய்வுக்கு காஸ்டர் என்று பெயர். மாருதி 800இல் மேலே ஸ்ட்ரட் மவுன்டும் கீழே பால் ஜாயின்டும் சேர்ந்து அந்தக் கோட்டைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டு புள்ளிகளில் ஒன்று நகர்ந்தாலும், இரண்டுக்கும் நடுவே எதுவாவது துருவேறி இறுகினாலும், ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. இதில் ரேக் எங்கே வந்தது?

ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன். என் தங்கை மகனுடையது. படித்துவிட்டு அவன் முறைப்பான் என்று தெரியும், பரவாயில்லை. வண்டி மாருதி 800. 1983 டிசம்பரில் வர ஆரம்பித்து 2014இல் தயாரிப்பு நின்ற கார். பவர் ஸ்டியரிங் கிடையாது, 12 அங்குலச் சக்கரம், இறகு மாதிரி லேசான முன்பக்கம். அதில் 13 அங்குல அகல அலாய், அதற்கும் உள்ளே 20 மில்லிமீட்டர் ஸ்பேசர், முன் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டு. பிறகு வந்த வியாதிகள்: பிரேக் போட்டால் இடது பக்கம் பாய்கிறது, குழியில் இறங்கினால் ஸ்டியரிங் கையை உதறுகிறது, வளைவுக்குப் பிறகு நேராவதில்லை. ஒரு பட்டறையில் ரேக் மாற்றினார்கள். மூன்று முறை அலைன்மென்ட். இரண்டு புது டயர். பதினெட்டாயிரத்துச் சொச்சம் போனது, மூன்று வியாதியும் அப்படியே இருந்தன. அடுத்து எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பொங்கலுக்கு இங்கே வந்தான்.

நான் சொன்ன முதல் வேலை, பரணில் போட்டிருந்த பழைய 12 அங்குலச் சக்கரங்களை எடுத்து வந்து மாட்டு என்பது. “பெரியம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்றான். மாட்டிக்கொண்டு ஒண்டிக்கடை வரை போய் வந்தோம். குழியில் உதறல் போயே போய்விட்டது. பிரேக்கில் பாய்வதும் பாதி குறைந்தது. செலவு பூஜ்யம். ஒன்பதாம் வகுப்பில் திருப்புத்திறன் நடத்தினேனே, விசை பெருக்கல் தூரம்! சக்கரத்தை வெளியே தள்ளினால், டயர் தரையைத் தொடும் இடம் திரும்பும் அச்சிலிருந்து விலகிப் போகிறது. அந்தத் தூரம்தான் குழியின் அடியையும் பிரேக்கின் இழுப்பையும் ஸ்டியரிங்குக்குக் கொண்டுவரும் நெம்புகோல். நெம்புகோலை நீங்களே நீட்டிவிட்டு, உதறுகிறது என்று ரேக்கை மாற்றினால் என்ன நியாயம்? வீல் பேரிங்கும் அதே நெம்புகோலில்தான் நசுங்குகிறது, அந்தச் சத்தம் பிறகு வரும்.

நேராகாத வியாதி மட்டும் மிச்சம் நின்றது. இங்கே எஸ்டேட் ஜீப்புகளைப் பார்க்கும் வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். அவர் செய்த சோதனையை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, இரண்டு பக்க டை ராட் முனைகளையும் சக்கரத்திலிருந்து பிரித்தார். இப்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் ரேக் மட்டும்தான் நகரும். ஒற்றை விரலில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் திருப்பிப் பார்த்தார். இடது பக்கம் லேசு. வலது பக்கம் கட்டை. ஸ்பிரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு திருப்பினால், அது முறுக்கிக்கொண்டே வந்து ‘டங்’கென்று எகிறிக் குதிக்கிறது. வலது ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் துருவேறிச் செத்திருந்தது. அதற்கு மேல் ஒரு சாட்சி வேண்டுமானால், கழற்றிய பழைய ரேக் டிக்கியிலேயே கிடந்தது. அதை இழுத்துத் தள்ளிப் பார்த்தேன். அதிலும் ஒரு குறையும் இல்லை.

பிரேக்கில் மிச்சமிருந்த பாய்ச்சலுக்குக் காரணம், இடது லோயர் ஆர்மைப் பிடித்திருக்கும் ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர் புஷ். 800இல் அந்தக் கம்பிதான் ஆர்ம் முன்பின் நகராமல் தடுக்கிறது. புஷ் நைந்துவிட்டால், பிரேக் போடும்போது இடது சக்கரம் கொஞ்சம் பின்னுக்குப் போகும். அந்தப் பக்கம் காஸ்டர் குறையும். காஸ்டர் குறைந்த பக்கம் வண்டி போகும். சில நூறு ரூபாய்ப் பொருள். பதினெட்டாயிரத்தில் ஒருவரும் அதை எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பட்டறைக்காரரை நான் திட்டமாட்டேன். திட்ட வேண்டியது நம்மை. டாக்டரிடம் போனால், மருந்தே எழுதாவிட்டாலும், பார்த்துச் சொன்னதற்குப் பீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் இரண்டு மணி நேரம் காரின் அடியில் படுத்துக் கிடந்து, “புஷ் போயிருக்கு, வேற ஒண்ணும் இல்ல” என்று சொன்னால், “இதுக்கு ஆயிரம் ரூபாயா?” என்கிறோம். ரேக் மாற்றினேன் என்று பழைய ரேக்கைக் கண்ணெதிரே காட்டினால் வாய் பேசாமல் கொடுக்கிறோம். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் யார் கண்டுபிடிப்பார்கள்? பொருளைத்தான் மாற்றுவார்கள். என் காருக்குப் போகும்போதெல்லாம் நான் முதலிலேயே சொல்லிவிடுவேன்: பார்க்கிறதுக்குத் தனிக் கூலி தருகிறேன், நான் சொல்லாமல் எதையும் மாற்றக்கூடாது. (பக்கத்தில் நிற்கும் ஆண்பிள்ளையைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். அது வேறு பதிவு.)

அலைன்மென்ட் சீட்டைப் படம் எடுத்துப் போட்டு “எல்லாம் பச்சை மிஸ்” என்று எழுதியவனுக்கு ஒரு வார்த்தை. மாருதி 800 மாதிரி வண்டியில் அலைன்மென்ட் கடைக்காரர் திருகி மாற்றக்கூடியது டோ ஒன்றுதான். டோ என்றால், முன் சக்கரங்கள் இரண்டும் நம் பாத நுனிகள் போல உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. கேம்பரும் காஸ்டரும் அந்த வண்டியில் திருகி மாற்றக்கூடியவை அல்ல. அவை தவறாக இருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது, அல்லது நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். மேலும், அந்தப் பச்சை நிற்கும் வண்டிக்கான பச்சை. ஸ்பிரிங்கை வெட்டினால் லோயர் ஆர்ம் ஒரு கோணத்திலும் டை ராட் வேறு கோணத்திலும் உட்காரும். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் சுழல்வதால், சக்கரம் தானாகவே கொஞ்சம் உள்ளே வெளியே திரும்பும். ஸ்டியரிங்கை நீங்கள் அசைக்கவே இல்லை, ஆனால் வண்டி திரும்புகிறது. பள்ளம் விழுந்த வளைவில் இது நடந்தால் எப்படி இருக்கும்? பார்க்க வேண்டுமானால் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு முன் டயர்களிலும் நடுக்கோடு போட்டு, முன்னாலும் பின்னாலும் டேப்பால் தூரம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாடியை ஜாக்கியில் ஐந்து சென்டிமீட்டர் தூக்கி, சக்கரம் தரையிலேயே இருக்க, மறுபடி அளங்கள். தங்கை மகன் வண்டியில் வித்தியாசம் 9 மில்லிமீட்டர் வந்தது. எந்தச் சீட்டில் இது பச்சையாக வரும்?

எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் பைத்தியம் இப்போது பரவுகிறது. வேறு காரிலிருந்து கழற்றிய மோட்டாரோடு கூடிய காலத்தை 800க்குள் திணிக்கிறார்கள். கை வலிக்காது, உண்மை. ஆனால் ஸ்ட்ரட் பேரிங் இறுகினாலும் மோட்டார் தள்ளிவிடும், உங்களுக்குத் தெரியாது. காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் தெர்மாமீட்டரை உடைத்துப் போடுகிற வேலை. ஜிப்சிக்காரர்களும் பழைய மகிந்திரா ஜீப்காரர்களும் வேறு வகையில் இதையே செய்கிறார்கள். ஸ்டியரிங் ஆடினால் ஒரு டேம்பரை மாட்டிவிடுகிறார்கள். 1947இல் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய காலத்திலிருந்து இந்த ஆட்டம் எஸ்டேட்காரர்களுக்குப் பழக்கம்தான். கிங்பின் பேரிங் தளர்ந்திருக்கிறதா, இலை ஸ்பிரிங்கின் சாய்வு மாறி காஸ்டர் குறைந்திருக்கிறதா, டயர் பேலன்ஸ் போயிருக்கிறதா என்று பார்த்துத்தான் அந்தக் காலத்து ஆட்கள் சரிசெய்தார்கள். கிங்பின் இறுக்கத்தை ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து அளப்பார்கள். ஆம், லேபில் நீங்கள் கொக்கியை வளைத்து வைத்த அதே ஸ்பிரிங் தராசுதான்.

இன்னொன்று, என்ன வண்டியில் என்ன இருக்கிறது என்றாவது தெரிந்துகொண்டு பேசுங்கள். அம்பாசிடருக்கு “ஸ்டியரிங் பாக்ஸ்” மாற்றச் சொன்னார் ஒருவர். அது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு, அதில் இருப்பது ரேக். பாக்ஸ் இருப்பது பத்மினியில். கனமான டீசல் எஞ்சினை மாற்றி வைத்த அம்பாசிடரில் முன்பக்கம் தாழ்ந்து போனால், டார்ஷன் பாரைச் சரிசெய்து உயரத்தை மீட்காமல் அலைன்மென்ட் போட்டு ஒரு பயனும் இல்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? காலையில் வண்டி ஓடும் முன் காற்று பாருங்கள். சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் தண்ணீர் வடிய நம் சாலைகள் இடது ஓரமாகச் சரிந்திருக்கும், லேசான இடது இழுப்பு அதனாலும் வரும். இழுத்தால் முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர். எஞ்சினை அணைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக இடம் வலம் அசைக்கட்டும். நீங்கள் குனிந்து ஒவ்வொரு ஜாயின்டிலும் விரலை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயின்ட், ஜீப்பில் கிங்பின். பக்கவாட்டில் பிடித்து அசைத்து ஆடினால் டை ராட் பக்கம் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதீர்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் நுழையவே வேண்டாம்.

ஸ்டியரிங் சும்மா ஆடும் அளவுக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 98, அது 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கில் அது விளிம்பில் சுமார் 10 சென்டிமீட்டர். என்னைக் கேட்டால் அது மிகத் தாராளம். அதில் பாதி ஆட்டம் இருக்கும் வண்டியைக்கூட நான் அடிவாரம் தாண்டி விடமாட்டேன்.

சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. 15 வருஷம் முடிந்து மறுபதிவுக்குப் போகும் அன்று மட்டும் பழைய சக்கரத்தையும் பழைய ஸ்பிரிங்கையும் மாட்டிக்கொண்டு போகிறீர்களே! ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எது பொருந்தாது என்று தெரிகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 20 வளைவு இறங்குவதற்கு மட்டும் பொருந்துமா?

“கம்பெனியே டாப் மாடலுக்குப் பெரிய சக்கரம் தர்றாங்களே” என்று ஒருவன் கேட்டான். தருகிறார்கள். சக்கரத்தின் உள்வாங்கல், ஸ்பிரிங், ஜியோமெட்ரி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தருகிறார்கள். ரேஸ் வண்டிகளைக் காட்டினான் இன்னொருவன். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுகிறவர்களிடம் போய்க் கேள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அளந்து, ஓட்டி, எழுதி வைக்கிறார்கள். உன் நோட்டு எங்கே? எல்லா மாற்றத்துக்கும் நான் எதிரி அல்ல. பத்மினிக்குச் சரியான அளவில் நான்கும் ரேடியல் போடுங்கள், நல்ல ஹெட்லைட், பின்சீட்டுக்கு பெல்ட் போடுங்கள், கைதட்டுவேன். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, எழுதி வையுங்கள் என்பதுதான் என் வாதம். நான்கை ஒரே நாளில் மாற்றிவிட்டு எது கெடுத்தது என்று யாரிடம் கேட்பது? லேபில் ஒரே சமயம் இரண்டு மாறியை மாற்றினால் ரெக்கார்டு நோட்டைத் திருப்பி அனுப்பினேன், நினைவிருக்கிறதல்லவா?

தங்கை மகனின் வண்டியில் பேரிங், புஷ் இரண்டும் மாற்றியாகிவிட்டது. சக்கரமும் பழையதுதான் ஓடுகிறது. வெட்டிய ஸ்பிரிங் மட்டும் இன்னும் உள்ளே இருக்கிறது. “அழகு போயிடும் பெரியம்மா” என்கிறான். மே மாதம் மனைவி, இரண்டு குழந்தைகள், என் தங்கை எல்லோரையும் அதில் ஏற்றி வரப்போகிறானாம். கண்ணு, இதைப் பொதுவில் சொல்வதற்கு மன்னித்துக்கொள். 800 ஸ்பிரிங் சேலத்தில் இன்றும் கிடைக்கிறது, ஒரு ஜோடிக்குப் பணம் நான் தருகிறேன். மாற்றவில்லையென்றால் காரைச் சேலத்திலேயே நிறுத்திவிட்டு, அவர்களை பஸ்ஸில் கூட்டி வா. ஏரிப் பக்கம் இறங்கினால் நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

மற்றவர்கள் வண்டியின் பெயர், வருஷம், மாற்றியது என்னென்ன என்பதை எழுதிப் பின்னூட்டத்தில் கேளுங்கள். “ஸ்டியரிங் சரியில்ல மிஸ்” என்று மட்டும் எழுதினால் பதில் வராது.